கமலத்துக்குச் சோறு கொடுத்தார்கள்

ஓடுகிறோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சரிவில், கீழ்நோக்கி. பின்னால் நாய்கள். விசில். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரையில் சப்பாத்துக் கால்கள் தடதடக்கின்றன. ஒரு வெடி.

"மேல் ரோட்டுலயும் ஆமி நிக்கிறான்! ஆத்துப் பக்கம் போங்க!"

கங்காணியின் குரல். உடனே இன்னும் இரண்டு வெடி, சேர்ந்தாற்போல. அதற்குப் பிறகு அவர் குரல் கேட்கவில்லை.

நான் மதினியின் கையைப் பிடித்து இழுக்கிறேன். கமலம். என் அண்ணனின் மனைவி. காசநோயில் கிடந்து பிழைத்தவள். நோய் போனது. போன சதை திரும்பவில்லை. அவள் மேல்கையை வளைத்துப் பிடித்தால் என் விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடும். கொழுந்துக் கூடையைச் சுமக்க முடியாதென்று நாற்று மேடையில் வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு கான், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால், குறுக்கே வருகிறது. பிள்ளைகள் தாண்டும் கான். அவளால் காலைத் தூக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். நானும் நின்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. இலங்கையின் நமுனுகுல மலையடிவாரம். வடக்கில் நடந்த யுத்தத்தோடு தொடர்பிருக்கிறதென்று சொல்லி எங்கள் லயத்தில் ஆள் தேடினார்கள். அண்ணனைப் பிடித்தார்கள். எங்களையும் ஏற்றினார்கள். பதுளைக்கு வெளியே ஒரு பழைய களஞ்சியத்தைத் தடுப்பு முகாமாக்கியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள். இந்தப் பக்கம் பெண்கள் நாங்கள். ஒரே கக்கூஸ். கதவில்லை. அதன் நாற்றம் இன்றைக்கும் என் தொண்டையில் இருக்கிறது.

மாதங்கள் போயின. வழக்கில்லை. ஆண்கள் பக்கம் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கோர்ட்டுக்குக் கொண்டு போ, இல்லையென்றால் விடு. அவ்வளவுதான் கேட்டார்கள். தோட்டத்து ஓட்டில் ஜெயித்த தலைவர் ஒருவர் வெளியிலிருந்து சொல்லியனுப்பினார்: விடாதீங்க, நான் இருக்கேன். அவர் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் சொன்னார்.

எங்கள் பக்கமும் உண்ணாவிரதம் இருந்தோம். கமலமும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

முகாமுக்கு வந்துபோன டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோரையும் பார்த்தார். கமலத்தின் தொடையைத் தொட்டதும் முகம் மாறியது.

"நீங்கள் இதில சேரக்கூடாது. பட்டினி கிடந்தால் உடம்பு முதல்ல சேத்து வைச்ச சீனியை எடுக்கும். பிறகு கொழுப்பை எரிக்கும். அது மட்டும் போதாது. தசையையும் கரைக்கும். மற்றவைக்குக் கரைய ஏதோ இருக்கு. உங்களிட்ட என்ன இருக்கு? நெஞ்சும் தசைதான், அம்மா."

கமலம் அவரை நிதானமாகப் பார்த்தாள். "நான் சாப்பிட்டா, அவரு மட்டும் பட்டினி கெடப்பாருங்க. சொவத்துக்கு அந்தப் பக்கம் அவருக்குத் தெரியும்."

டாக்டரம்மா உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரையாவது குடிக்கச் சொன்னார். கமலம் உப்புத் தண்ணீரை மட்டும் குடித்தாள்.

எனக்கு முதலில் தலைவலி. வயிற்றைப் பிசைந்தது. பிறகு பசி அடங்கிவிட்டது. சுமை தூக்கி இறுகிய உடம்பு என்னுடையது. அது தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு நின்றது. வாயில் அழுகிய பழத்தின் வாடை. எல்லோர் வாயிலும் அதே வாடை. கமலம் வேறு மாதிரி போனாள். நல்ல வெயிலில் நடுங்கினாள். குந்தினால் எழ முடியவில்லை. இருமல் வந்தால் இருமக்கூட நெஞ்சில் பலமில்லை. சளி தொண்டையிலேயே கரகரத்தது. நான் விரலை விட்டு எடுத்தேன்.

காவலர்கள் எங்கள் கம்பிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரொட்டி, பருப்பு, பொரித்த கருவாடு. வேண்டுமென்றே. ஒருவன் முள்ளை உறிஞ்சும் சத்தம். கமலத்தைக் காட்டி, இவள் முன்பே பட்டினி பழகியவள் என்றான். மற்றவன் சிரித்தான். பல்லிடுக்கில் பருப்பு.

தலைவர் வருகிறார். பகல். வாகனங்களின் ஹாரன். கேமராக்காரர்கள். கோர்ட்டில் ஆஜர்படுத்துவதாக வாக்கு வாங்கிவிட்டாராம். எங்களை வரிசையில் உட்கார வைத்தார்கள். படத்துக்கு மிகவும் மெலிந்தவள் வேண்டும். கமலத்தை முன்னால் நகர்த்தினார்கள். சர்பத். லட்டு. பிறகு சோற்றுப் பார்சல். தலைவர் தன் கையால் ஊட்டினார்.

பாதுகாப்பு என்று டாக்டரம்மாவைக் கேட்டில் மறித்திருந்தார்கள். அங்கிருந்தே கத்தினார்.

"அவவுக்குச் சோறு குடுக்காதேங்கோ! இனிப்புக் குடுக்காதேங்கோ! கஞ்சித் தண்ணி மட்டும்!"

தலைவர் திரும்பிப் பார்த்தார். கேமராக்காரர் படம் சரியாக விழவில்லை என்றார். தலைவர் இன்னொரு கவளம் எடுத்தார். கமலம் வாயைத் திறந்தாள். அத்தனை நாள் பசி. யாரால் மூட முடியும்?

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். சோறு அவர் வெள்ளைச் சட்டையில் சிதறியது. என்னை இழுத்துப் போனார்கள். சட்டையைத் துடைக்க நான்கு பேர் ஓடி வந்தார்கள்.

மறுநாள் கமலத்தின் கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. நாடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. டாக்டரம்மா ஊசியோடு வந்தபோது அவள் என் மடியில் இருந்தாள். மாலை தேநீருக்கு மணி அடித்தது. அவள் நெஞ்சு நின்றது.

பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சீனி இறங்கினால், இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் உப்புகளை உடம்பு உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். மெலிந்த நெஞ்சு அதைத் தாங்காதாம். டாக்டரம்மா பிறகு சொன்னது இது. பத்திரிகையில் படம் வந்தது. உண்ணாவிரதம் வெற்றி என்று போட்டிருந்தார்கள்.

இழந்ததைச் சொல்கிறேன். கங்காணி, அந்த இரண்டு வெடியில். அண்ணனின் இடது காதின் கேட்கும் சக்தி, முகாமில் வாங்கிய அடியில். கமலம் செத்த மறுநாள், குற்றம் எதுவும் காட்டாமலே அவரையும் என்னையும் விட்டார்கள். திரும்பி வந்தபோது லயத்தில் எங்கள் அறையில் வேறு குடும்பம். தோட்டத்து வேலைப் பட்டியலில் என் பேரை வெட்டியிருந்தார்கள்.

பிறகு கமலம். இருபத்தொன்பது வயது. பெட்டியைத் தூக்க நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தோம், வந்தார்கள். தேவைப்படவில்லை. அண்ணனும் நானும் மட்டுமே தூக்கிக்கொண்டு மலை ஏறினோம்.