சுவரில் ஏறிய ஜாஸ்பர்

சைடு டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறவனுக்கு முதலில் வலிப்பது தோள் அல்ல, இடது முழங்கால். எட்டு வைக்கும்போதெல்லாம் டிரம்மின் விளிம்பு அங்கேதான் வந்து இடிக்கும். ஜாஸ்பர் ஒருநாளும் முழங்காலைத் தடவி நான் பார்த்ததில்லை. அவன் மேல் எனக்குப் பொறாமை என்று உங்கள் கமிட்டியில் யாரோ சொன்னார்களாம். பொறாமைக்காரன் இவ்வளவு கவனித்துப் புகழ்வானா?

விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் விஜய்ராஜ். கூடலூர் பஜாரில் ஹார்டுவேர் கடை. நம் சபையின் பேண்டு செட்டில் ஜாஸ்பர் முதல் டிரம், நான் இரண்டாவது. அவன் முன்னால் போவான், நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவேன். நல்ல அகலமான முதுகு.

பேண்டு ரூம் சுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய கைகளெல்லாம் அங்கே கண்ணாடிக்குள் படமாக இருக்கின்றன. ஆசீர்வாதம், குமுளி மலையில் மாப்பிள்ளை ஜீப்புக்கு முன்னால் அடித்துக்கொண்டே ஏறியவர். ஜீப்தான் சூடேறி நின்றது என்பார்கள். மயிலாடும்பாறை அழகர் நம் சபைக்காரர் இல்லை. ஆனாலும் அவர் குச்சியை உருட்டத் தொடங்கினால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்களாம். என்னைக் கேட்டால் இருவருமே ஜாஸ்பருக்கு அடுத்துதான். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஆனால் நம் வழக்கம் ஒன்று இருக்கிறது. குச்சியைக் கீழே வைத்தவன் படம்தான் சுவரில் ஏறும். அடித்துக்கொண்டிருக்கிறவன் எப்பேர்ப்பட்ட ஆளானாலும் அவனுக்கு ஆணி கிடையாது. ஜாஸ்பர் கிழவனாகி, கை தளர்ந்து, பிள்ளைகள் சிரிக்கும்படி அடித்த பிறகு அவன் படம் ஏறுவதா? நன்றாக இருக்கும்போதே ஏறட்டும் என்று ஆசைப்பட்டேன். சிநேகிதன் ஆசைப்படாமல் வேறு யார் ஆசைப்படுவார்கள்?

சைடு டிரம்மின் அடித்தோலை ஒட்டிச் சுருள்கம்பிகள் இருக்கும். அவை தோலைத் தொட்டால்தான் அந்தச் சடசடப்பு. விலகினால் காலிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம்தான் வரும். பக்கத்தில் ஒரு சின்ன லீவர். கல்யாணத்துக்கு மேலே தள்ளிக் கம்பியை ஏற்றுவோம், துக்கத்துக்குக் கீழே தள்ளி இறக்குவோம். தோல் மாற்றுவது, முறுக்குவது எல்லாம் என் பொறுப்பு. ஜாஸ்பர் வீட்டில் பல்பு மாட்டக்கூட என்னைத்தான் கூப்பிடுவான். ஆகையால் அவன் டிரம்மின் லீவரைக் கழற்றி, உள்ளே தலைகீழாக மாட்டிவைத்தேன். மேலே தள்ளினால் கம்பி ஒரு மயிரிழை இறங்கும், கீழே தள்ளினால் ஏறும். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலைதான்.

அடுத்த கல்யாணம் அனுமந்தன்பட்டியில்.

“மாப்ள, டிரம்முல என்னமோ கோளாறுடா. சத்தமே எந்திரிக்க மாட்டேங்குது” என்றான்.

“இங்கன கொண்டா, பாப்போம்.”

வாங்கும்போதே என் கட்டைவிரல் லீவரை இறக்கிவிட்டது. அடித்தேன். பந்தல் கிடுகிடுத்தது. திருப்பிக் கொடுக்கும்போது விரல் மறுபடியும் ஏற்றிவிட்டது.

“நல்லாத்தானடா இருக்கு?” என்றேன்.

அவன் கையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கோளாறு கையில்தான் என்று அவனாகத்தான் நினைத்துக்கொண்டான்.

ஒவ்வொரு கல்யாணத்திலும் இதேதான் நடந்தது. துக்க வீடு என்றால் மட்டும் கிளம்புமுன் லீவரை நேராக மாட்டிவைத்துவிடுவேன். மணிக்கட்டுக்கு எண்ணெய் போட்டான், வெந்நீரில் முக்கினான், தேனிக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தான்.

“கையில ஒண்ணுமே இல்லங்குறாக மாப்ள.”

“டாக்டரு டிரம் அடிப்பாகளா?” என்று மட்டும் கேட்டேன். கேள்வி கேட்பது பொய் ஆகாது.

அப்புறம் டீ கிளாஸைப் பிடித்தாலும் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. அதை நான் செய்யவில்லை. நான் தொட்டது டிரம்மை மட்டும்தான். எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையில் காலமெல்லாம் ஜீப் ஓட்டியவன், “இந்தக் கைய நம்பி நாலு உசுர ஏத்த மாட்டேன்” என்று ஜீப்பை விற்றுவிட்டான். அதுவும் அவன் முடிவு. அவன் மனைவி ஜெஸ்லின் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறாள். நல்ல உழைப்பாளி, முகம் சுளிக்க மாட்டாள்.

சபை நாளில் ஜாஸ்பர் குச்சியை ஒப்படைத்தான். படத்துக்குச் சட்டம் போட்டது நான், ஆணி அடித்தது நான். ஆசீர்வாதத்துக்கும் அழகருக்கும் ஒரு சாண் மேலேயே அடித்தேன். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், அது நிஜமான அழுகை. தன் டிரம்மை அவனே என் தோளில் மாட்டிவிட்டான்.

போன வாரம் நம் பேண்டு மாஸ்டர் ஞானதுரை தவறிப்போனார். தன் பெட்டிக்கு முன்னால் ஜாஸ்பர்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கை நடுங்குகிறவனை இழுக்க வேண்டாம் என்று நான் தடுத்துப் பார்த்தேன். மாஸ்டரின் மகள் ஜெபராணி கேட்கவில்லை. டிரம்மைக் கொடுத்தேன். அந்தத் தலைகீழ் லீவர் எனக்குப் பழகிப்போயிருந்தது. அது தலைகீழ் என்பதே அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஜாஸ்பர் பெட்டியைப் பார்த்துத் தலையைக் குனிந்து, மரியாதையாக லீவரைக் கீழே இறக்கினான். பெட்டியைத் தூக்கினார்கள். முதல் அடி கல்யாண அடியாகச் சடசடத்தது.

“ஏலே, எழவு வீட்டுல என்னலே இது?” என்று யாரோ அதட்டினார்கள்.

அவன் லீவரை ஏற்றி ஒரு தட்டுத் தட்டினான். செத்த சத்தம். இறக்கித் தட்டினான். தெருவே அதிர்ந்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவன் தன் கையை வெகுநேரம் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஜெஸ்லின்தான் கேட்டாள்.

“எதுக்குண்ணே?”

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். லீவரை மாற்றியது நான்தான். ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் செய்தேன். எல்லாம் அவன் பேர் நிலைக்கத்தான்.

மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன். புது லீவர் என் கடையிலிருந்தே தருகிறேன். படத்தை மட்டும் இறக்கிவிடாதீர்கள். படம் இறங்கினால் அவன் மறுபடியும் முன்னால் வந்து நிற்பான். முன்னால் நடக்க இப்போதுதான் என் முழங்கால் பழகியிருக்கிறது.