பெயர் கூப்பிட்ட தலைவர்

மலாயாவில், காம்பாரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் ரயிலில், மூன்றாம் வகுப்பில், எனக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். மற்றவர் வெற்றிலை மடித்துக்கொண்டே அவரைக் கேட்டார்:

"பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்காகவா மச்சான், சங்கத்து உபதலைவர் பதவிய விட்டுட்டு வந்தே?"

"நான் எங்க விட்டேன்? அவருதான் எடுத்துட்டாரு. புதுத் தலைவர் யாரு? நம்ம பழைய தோட்டத்துக் கங்காணி. விடியக்காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பெரட்டுல வரிசையா நிக்கவெச்சுப் பேர் கூப்பிடுவாரே, முதல் கூட்டத்தையே அப்படித்தான் ஆரம்பிச்சாருலா. அதே குரலு."

"மத்தவங்க?"

"எழுந்து நின்னு 'வந்தேங்க'ன்னாங்க. செயலாளர்கூட."

"நீ?"

"நான் இப்ப கடைக்காரன் மச்சான். வாயே திறக்கல. மூணு தடவை கூப்பிட்டாரு. அப்புறம் 'ஆள் வரல'ன்னு பேரை அடிச்சிட்டு, தன் மருமகன உபதலைவர் ஆக்கிட்டாரு."

"நீ எதிர்லதானே உட்கார்ந்திருந்தே?"

"முதல் நாற்காலியில. மாலையோட."

வெற்றிலைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "ஒரு வார்த்தைதானே? அடுத்த கூட்டத்துலயாச்சும் சொல்லிடு. பதவி திரும்பி வரும்."

"சாகுற வரைக்கும் சொல்லமாட்டேன்."

வெற்றிலைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கங்காணியின் அதட்டலில் திடீரென்று கூப்பிட்டார்: "மாரிமுத்து!"

"வந்தேங்க!"

கோட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"இதுக்குத்தான்லா மச்சான், அன்னிக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."