டிரா போதுமாயிருந்தது

எங்கள் ஃபுட்பால் அணி மோசமான அணி இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் அதிகாரி, "அந்த டீமுக்கா இவ்வளவும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். சீசன் பாதியில் நடுக்களத்து ஆட்கள் இரண்டு பேருக்குக் காலில் அடிபட்டுவிட்டது. கோல்கீப்பருக்குப் புதிதாகக் கல்யாணமாகி, கவனமெல்லாம் வீட்டில் இருந்தது. அதனால்தான் விஷயம் கடைசி ஆட்டம்வரை இழுத்துக்கொண்டு வந்தது. அதில் ஜெயித்தால் முதல் டிவிஷனில் நீடிப்போம். டிரா ஆனாலும் நீடிப்போம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். நாற்பது வருடமாக இறங்காத அணி அது.

"நடந்ததை உங்க கையால எழுதிக் குடுங்க, அவசரமில்ல" என்றீர்கள். எனக்கும் அவசரமில்லை. நான் பல் செட் செய்பவன். மெழுகில் ஒரு பல்லை அரை மில்லிமீட்டர் நகர்த்த ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

என் பட்டறையை நீங்கள் பார்த்தீர்கள். ஒரு ஜன்னல், ஒரு கதவு, சுவர் முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள் அடுக்கிய அலமாரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு விடுமுறை என்பதால் ஆட்டத்தை அங்கேதான் பார்ப்போம். நாங்கள் நான்கு பேர். நான், என் தம்பி, தபால்காரர், பஸ் டிரைவர். தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு ஒன்பது வயது இளையவன். அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான், இந்த அணியைக் கற்றுக்கொடுத்ததும் நான்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. எங்கள் அணி முன்னிலையில் இருக்கும்போது யாரும் இடம் மாறக்கூடாது. கோல் விழுந்த நொடியில் எவன் எங்கே எப்படி இருந்தானோ, விசில் ஊதும்வரை அப்படியே இருக்க வேண்டும். ஒருமுறை தபால்காரர் டீ டம்ளரை வாயில் வைத்தபடி இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது, நாங்கள் ஜெயித்தோம். வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தம்பியும் கேலி செய்வான். "காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைண்ணா இது. நான் இங்க அசைஞ்சா அங்க பந்து எப்படி உள்ள போகும்?" என்பான். ஆனால் அசைய மாட்டான். அண்ணன் சொன்னால் கேட்பான்.

அவனுடைய இடம் மூலையில் பாலிஷ் மோட்டாரை ஒட்டிய ஸ்டூல். மூன்று வருடம் முன்பு நாற்காலி பற்றாமல் அங்கே உட்கார்ந்தான், அன்றைக்கு நான்கு கோல் போட்டோம். அதற்குப் பிறகு அவனை வேறு எங்கும் உட்காரவிட்டதில்லை. அந்த மூலையில் பிளாஸ்டர் தூசி அதிகம், அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்குத் தெரியாததா? நானே சனிக்கிழமை சாயங்காலம் ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிடுவேன். அந்தச் சனிக்கிழமை வேலை அதிகம், துடைக்கவில்லை.

ஆட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு அவன் மனைவி போன் செய்தாள். "மாமா, அவர் பஃப்பை எடுத்துட்டு வந்திருக்காரா? காலையில இருந்தே மூச்சு வாங்குறாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள். தம்பி அப்போது கீழே கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தான். அவன் தோள்பை கதவு பக்கத்து ஆணியில் தொங்கியது. கைவிட்டுப் பார்த்தேன். வீசிங்குக்கு வாயில் வைத்து அழுத்தும் அந்த இன்ஹேலர் இருந்தது. "பையிலதாம்மா இருக்கு. என் கையாலயே தொட்டுப் பாத்துட்டேன்" என்றேன். அவளுக்கு நிம்மதி. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லப்போனால், அவள் போன் செய்திருக்காவிட்டால் எனக்கு அந்தப் பஃப் ஞாபகமே வந்திருக்காது.

அறுபத்து மூன்றாம் நிமிடம் கோல் போட்டோம். கார்னரிலிருந்து வந்த பந்தை எங்கள் கேப்டன் தலையால் முட்டினான். டிரைவர் தரையில் உட்கார்ந்து ஒரு காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், சந்தோஷத்தில் வேலை மேஜையை ஓங்கி அறைந்தார். மேஜையிலிருந்த தூசி மூலைப் பக்கம் கிளம்பியது. நான் "அப்படியே" என்றேன். எல்லாரும் உறைந்தார்கள். டிரைவர் பாதிக் காலுறையோடு, தபால்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, தம்பி ஸ்டூலில் முன்னால் சாய்ந்து சிரித்த முகமாக. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் நால்வரும் இருந்து வெகு நாளாயிற்று.

எழுபத்து நான்கில் தம்பி இருமினான். இருமலைச் சட்டம் தடுக்காது. பிறகு, "அண்ணா, அந்தப் பையில பஃப் இருக்கு, எடுத்துத் தாங்களேன்" என்றான்.

"கொஞ்சம் பொறுடா. பதினாறு நிமிஷம்தான்."

"இல்லண்ணா, இழுக்குது."

"நீதான எப்பவும் சொல்லுவ, மெதுவா மூச்சு விட்டா அடங்கிடும்னு. மெதுவா விடு."

மெதுவாக விட்டான். எனக்குக் கேட்டது. கெட்டில் கொதிக்கத் தொடங்குமுன் வருமே, அதுபோல ஒரு சத்தம். டிவியில் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினேன். ரிமோட் கோல் விழுந்தபோதே என் கையில் இருந்தது என்பதால் அதில் தவறில்லை.

எண்பத்தாறில் அவன் எழப்பார்த்தான். இடுப்பு ஸ்டூலிலிருந்து ஒரு விரற்கடை கிளம்பியிருக்கும். "உக்காரு" என்றேன். நான் அவன்மேல் கை வைக்கவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. உட்கார்ந்தான். டிரைவர் தலையைத் திருப்பாமல், "அண்ணே, அவருக்கு முடியல போல" என்றார். "விசில் ஊதட்டும்" என்றேன். தபால்காரர் ஜன்னல் கம்பியை விடவில்லை. தம்பி அழுகிறான் என்று நினைத்ததாக அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். கடைசி ஆட்டத்தில் யாரும் அழுவார்கள், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எனக்கும் ஆடியது. அவன் உதடு நீலமாவதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நிறம் எனக்குத் தெரியும். அவனுக்கு ஏழு வயதில் அந்த நிறம் வந்தபோது, தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். ஆனால் இன்னும் நான்கு நிமிடம்தான் இருந்தது. நான்கு நிமிடத்துக்காக நாற்பது வருடத்தை விடுவதா?

ரெஃப்ரி ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தான். எதற்கு ஐந்து நிமிடம் என்று இன்றுவரை புரியவில்லை. இரண்டு நிமிடமே தாராளம். இந்த வழக்கில் அவனை யாரும் விசாரிக்கவில்லை.

தொண்ணூற்று இரண்டாம் நிமிடம் தம்பி எழுந்துவிட்டான். நான் "டேய்" என்றேன், அவன் காதில் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு நடந்து கதவு பக்கம் போனான். பைக்குள் கைவிட்டான். துழாவினான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். சாக்பீஸ், விடைத்தாள்கள், பிஸ்கட் பொட்டலம், எல்லாம் தரையில் விழுந்தன.

பஃப் அதில் இல்லை. அவன் மனைவியின் போனை வைத்ததும் நான்தான் அதை எடுத்து, முன்பல் மாதிரிகள் இருக்கும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். காரணத்தை நீங்கள் கேட்டீர்கள். மூன்று சீசனில் ஐந்து முறை, அவன் அதை வாயில் வைத்து அழுத்திய அதே நிமிடத்தில் எங்கள் வலையில் பந்து விழுந்திருக்கிறது. அவனிடமே சொல்லியிருக்கிறேன். "எத்தனை தடவை அழுத்துனேன்னு நீங்க எண்ணுறதே இல்லண்ணா. கோல் விழுந்த தடவைய மட்டும்தான் எண்ணுறீங்க" என்பான். கணக்கு வாத்தியார் பேச்சு. கடைசி ஆட்டத்தில் கணக்கை நம்ப முடியுமா?

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இழுப்பறைச் சாவி என் கழுத்தில் தொங்கியது. அவன் பார்வை அதில் போய் நின்றது. அந்த நொடியில் எதிரணி கோல் போட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. எனக்கு அவன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு அவன் கதவோரம் சரிந்து விழுந்தான்.

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனமாகப் படிக்க வேண்டும். அப்போது ஒன்றுக்கு ஒன்று. டிரா. டிரா போதுமாயிருந்தது. அந்த நிலவரம் மாறாமல் இருந்தால் நாங்கள் நீடிப்போம். அப்படியென்றால் சட்டப்படி, அந்த நொடியில் எவன் எங்கே இருக்கிறானோ அதுதான் இனி அவன் இடம். டிரைவருக்குத் தரை, தபால்காரருக்கு ஜன்னல், தம்பிக்குக் கதவோரம். நான் இதை மற்ற இருவருக்கும் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். "யாரும் அசையாதீங்க. இன்னும் மூணு நிமிஷம்."

இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தோம். அந்த இரண்டு நிமிடமும் தம்பியின் குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. டிரைவர் "ஐயோ, விடுங்கண்ணே" என்று எழுந்து ஓடினார். ஒற்றைக் காலுறையோடு, என்னைத் தாண்டிக்கொண்டு, டிவியை மறைத்துக்கொண்டு ஓடினார். அவர் விலகியபோது பந்து எங்கள் வலைக்குள் கிடந்தது.

இரண்டுக்கு ஒன்று. விசில்.

விசில் ஊதிய அடுத்த நொடி நான் எழுந்தேன் என்பதற்குத் தபால்காரரே சாட்சி. பூட்டைத் திறந்து, பஃப்பை எடுத்து, அவன் வாயில் வைத்து மூன்று முறை அழுத்தினேன். மருந்து உள்ளே போகாமல் உதட்டோரம் புகையாக வெளியே வந்தது. பத்து நிமிடம் முன்னால் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். பத்து நிமிடம் முன்னால் நாங்கள் ஒன்றுக்கு பூஜ்யம் முன்னிலையில் இருந்தோம். அதை அவரிடம் சொன்னேன். அவர் ஃபுட்பால் பார்ப்பவர் இல்லை போலிருக்கிறது.

பஃப்பை ஒளித்தது நான். கேட்டபோது கொடுக்காதது நான். அவன் சாகக்கூடும் என்று எண்பத்தாறாம் நிமிடத்திலிருந்து எனக்குத் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் நாங்கள் இறங்கியதற்கு நான் காரணமில்லை. டிரைவரை நீங்கள் சாட்சியாக மட்டும் சேர்த்திருப்பது நியாயமில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தம்பியைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லக்கூடாது. நேற்று அவன் மனைவி இந்தக் கட்டடத்து வாசலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளிடம் சொல்ல வேண்டியதை இதில் எழுதுகிறேன், நீங்கள் படித்துக் காட்டுங்கள். தொண்ணூற்று இரண்டாம் நிமிடத்தில் ஒரே ஒருமுறை அவன் எழுந்தான், அதை நான் மன்னித்துவிட்டேன். விழுந்த பிறகு, அண்ணன் சொன்ன சொல்லைத் தட்டாமல், கடைசி விசில்வரை அவன் இடம் மாறவே இல்லை.