சம்மன் போய்ச் சேராத மாடி வீடு

ஞாயிறு பூசை முடிந்து விடத்தல்தீவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் கையில் செபமாலை சுற்றியிருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "வழக்குத் தள்ளுபடியானது என்ரை வாயாலைதான்" என்றார். ஆண்டவர் மன்னிக்கட்டும், நானும் காது கொடுத்தேன்.

"ஐஸ் கம்பனிப் பங்குகாரர் சேந்து உங்கடை தம்பியிலை போட்ட வழக்கோ, அக்கா?"

"ஓம். எங்கடை இவரும் பங்குகாரர்தானே. சம்மன் கொண்டுவந்தவன் மூண்டு தரமும் தம்பியின்ரை வீடு எதெண்டு என்னட்டைத்தான் கேட்டவன். பழைய ஓலைவீட்டைக் காட்டினனான். அது பூட்டிக் கிடக்குது."

"அப்ப புது மாடி வீடு?"

"அதையும் கேட்டவன். அந்த நேரம் தம்பி பெண்சாதி மேல் விறாந்தையிலை நிண்டு சீப்பாலை தலை இழுக்கிறாள். அது அவளின்ரை வீடெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஆரோ கொழும்பு ஆக்களின்ரை எண்டுபோட்டன். எதிராளிக்குச் சம்மன் சேரேல்லையெண்டு நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்துபோட்டார்."

"அத்தானுக்குத் தெரியுமோ?"

"இல்லை. பாவசங்கீர்த்தனத்திலை சுவாமிக்கு மட்டும் சொன்னனான்."

"சுவாமி என்ன சொன்னவர்?"

"பரிகாரமா அவளிட்டைப் போய், வீடு வடிவாயிருக்குதெண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டாம்."

"சொன்னனீங்களோ?"

அம்மா செபமாலையின் முதல் மணியைப் பிடித்தார். "அதைவிட இவரிட்டையே உண்மையைச் சொல்லிப்போடலாம்."