நட்டின் மேல் ஒரு கோடு

"அப்பா, பெருமாள் எப்பப் பாத்தாலும் படுத்துக்கிட்டே இருக்காரே, யாரு முதல்ல வந்தாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

யமுனா இதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. அரங்கன் சன்னிதியில் வரிசையில் நின்றிருந்தோம். முன்னால் நின்ற ஒரு அம்மாள் திரும்பிச் சிரித்தார். "படுத்திருந்தாலும் கண்ணு திறந்துதாம்மா இருக்கு" என்று சொல்லிவைத்தேன். முந்தின நாள்தான் அவள் முதல்முறையாகக் கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியை ஓட்டியிருந்தாள். சமயபுரம் தாண்டி நெடுஞ்சாலையோரம் அப்போது ஒரு சின்ன ஓடுதளம் இருந்தது. பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வாடகைக்கு விடுவார்கள். அவள் பெரியவர்களையெல்லாம் முந்திவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்க வேர்வை.

இதையெல்லாம் உங்கள் கட்டுரையில் போட்டுக்கொள்ளலாம். அடுத்த மாதம் அவள் வெளிநாட்டில் ஃபார்முலா பந்தயத்தில் ஓட்டப்போகிறாள். திருச்சிப் பெண் ஒருத்தி அந்தத் திறந்த சக்கர வண்டியில் உட்காருவது பெரிய விஷயம்தான். எப்படி இவ்வளவு தூரம் வந்தாள் என்று கேட்டீர்கள். நல்லவர்கள் உதவியால் வந்தாள் என்று சொன்னேன். அது உண்மை. இப்போது போனை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டீர்கள். மீதியை எழுதமாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறீர்கள். சாயங்கால ரயிலில் சென்னைக்குப் போய்விடுவீர்கள். ஆகவே சொல்கிறேன்.

எனக்கு ஸ்ரீரங்கத்தில் இருசக்கர வாகன ஒர்க்ஷாப். முப்பது வருடமாகக் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் ஷட்டரைத் தூக்குவேன். யாருடைய வண்டியிலும் நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டதில்லை. கேட்டுப் பாருங்கள், அன்புச்செல்வன் என்றால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

தங்கையனை அந்த ஓடுதளத்தில்தான் சந்தித்தேன். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவருடைய மகன் பூவரசன் யமுனாவைவிட ஒரு வயது சின்னவன். இரண்டு பேருக்கும் பழைய கார்ட் வண்டிகளை வாங்கி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே சரிசெய்தோம். வெளியூர்ப் பந்தயங்களுக்கு ஒரே குட்டியானை லாரியில் இரண்டு வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போவோம். தங்கையனின் மனைவி ஜோதி எல்லோருக்கும் சேர்த்துத் தயிர்சாதம் கட்டித் தருவார். யமுனாவுக்கு மட்டும் தனி டப்பாவில் மாவடு இருக்கும். தாயில்லாப் பிள்ளை என்று அவளுக்கு அத்தனை செல்லம்.

தங்கையனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நட்டை முடுக்கி முடித்ததும், நட்டையும் போல்ட்டையும் சேர்த்து மேலே ஒரு சின்னக் கோடு இழுப்பார். பிறகு நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். பட்டறையில் அதற்குப் பெயிண்ட் இருக்கிறது. கார்ட் வண்டிக்கு ஜோதியின் நெயில் பாலிஷைத்தான் எடுத்து வருவார்.

"என்ன மாமா, இன்னைக்கு வண்டிக்கு வளைகாப்பா?" என்று யமுனா கேட்பாள்.

"சிரிக்காத பாப்பா. உங்கத்தை இதைத் தேடி வீட்டையே தலைகீழாப் புரட்டிக்கிட்டிருக்கும். இது இங்க இருக்குன்னு போட்டுக் குடுத்துடாத."

பந்தயம் தொடங்கும் முன் அந்தக் கோடுகளின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று வருவார். கோடு நேராக இருந்தால் நட்டைத் தொடமாட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கோடு அவரை ஏமாற்றியதில்லை.

யமுனாவுக்குப் பதினைந்து வயதான வருடம், சாம்பியன்ஷிப்பின் கடைசிப் பந்தயம். பூவரசன் முதலிடத்தில் இருந்தான், யமுனா இரண்டு புள்ளி பின்னால். ஜெயிப்பவருக்கு ஒரு ஃபார்முலா அணி ஒரு வருடம் முழுக்க இலவசமாக வண்டி தரும். ஒரே ஒரு இடம். எங்களைப் போன்றவர்கள் சொந்தமாகப் போட்டு அந்த வண்டிக்கு ஒரு ஜோடி டயர்கூட வாங்க முடியாது. யமுனாவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். பூவரசனுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் யாருடைய வாழ்க்கையையும் எடுத்துக்கொள்ள நினைக்கவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போடத்தான் நினைத்தேன்.

அன்று காலைப் பயிற்சியில் யமுனாவின் வண்டிச் செயின் அறுந்துபோனது. எங்களிடம் வேறு செயின் இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே பூவரசன் தன் பெட்டியிலிருந்து புதுச் செயினை எடுத்து வந்தான். அவனுக்கென்று வைத்திருந்த ஒரே மாற்றுச் செயின் அது.

"யமுனாக்கா, என் செயினப் போட்டுக்கிட்டு என்னையே முந்தக் கூடாது, சொல்லிட்டேன்."

"முந்துனா என்னடா பண்ணுவ?"

"அந்த எடத்துலயே கழட்டிக் குடுத்துட்டு, வண்டியத் தள்ளிக்கிட்டு வா."

தங்கையன் அவனைத் தலையில் தட்டிவிட்டு, "நீங்க இருங்கண்ணே, நான் மாட்டுறேன். உங்களுக்குப் பதட்டமா இருக்கும்" என்று சொல்லி யமுனாவின் வண்டிக்கு அருகில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். செயின் மாட்டிச் சரிபார்க்கப் பதினைந்து நிமிடம் ஆகும். பூவரசனின் வண்டி கூடாரத்துக்குள் தனியாக இருந்தது.

கார்ட் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. பந்தயம் முடிந்ததும் வண்டியும் ஓட்டியவரும் சேர்ந்து எடைமேடையில் ஏற வேண்டும். குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் ஓட்டியது செல்லாது. பூவரசன் ஒல்லி. எடையைச் சரிக்கட்டத் தங்கையன் ஈயத்தை உருக்கி ஆறு கிலோவில் ஒரு தட்டு வார்த்து, இருக்கைக்கு முன்னால் தரைத்தகட்டில் இரண்டு போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு, அதற்கு மேல் சிவப்புக் கோடு.

நான் பெட்ரோல் துணியால் கோட்டைத் துடைத்தேன். மேல் நட்டுகள் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கீழ் நட்டுகளை விரலால் திருப்பும் அளவுக்குத் தளர்த்தினேன். நெயில் பாலிஷ் அவருடைய கருவிப்பெட்டி மூடியில் இருந்தது. புதுக்கோடு போட்டேன். எனக்குக் கை நடுங்குகிற வழக்கம் இல்லை. கோடு நேராகவே வந்தது.

ஆறேழு சுற்றில் நட்டு உதிர்ந்துவிடும், தட்டு ஏதாவது ஒரு வளைவில் பக்கவாட்டில் சரிந்து புல்லில் விழும், எடைமேடை மீதியைச் சொல்லிவிடும். அவ்வளவுதான் என் கணக்கு. பிள்ளை கொஞ்சம் அழுவான், நாங்கள் எல்லோரும் சமாதானம் சொல்வோம், திரும்பி வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுப்போம். அந்தப் பரோட்டாவைக்கூட நினைத்தேன்.

தங்கையன் வந்தார். கோடுகளின் மேல் கண்ணை ஓட்டினார். மகனின் தோளில் தட்டி அனுப்பினார்.

எட்டாவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதை முடியும் இடத்தில் தட்டு நகர்ந்தது. பக்கவாட்டில் அல்ல. முன்னால் வழுக்கிப்போய் பிரேக் பெடலுக்கு அடியில் புகுந்து அடைத்துக்கொண்டது. பெடலை மிதித்தால் அது அசையாது. பூவரசன் நேராகப் போனான். டயர் அடுக்குக்குப் பின்னால் ஒரு கான்கிரீட் சுவர் இருந்தது.

முப்பது வருட மெக்கானிக்குக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் முகத்தில் இருக்கிறது. வேகத்தில் போகும்போது பிரேக்கைத் தொட்டால் வண்டியில் கட்டாத எல்லாம் முன்னால்தான் போகும். எங்கள் கடையில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்பேன். அன்று எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியதா இல்லையா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தோன்றவில்லை என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை ஒரு வாரத்தில் முடிந்தது. நொறுங்கிய வண்டியில் ஒரு போல்ட்டும், ஓடுதளத்தில் ஒரு நட்டும் கிடைத்தன. இரண்டின் மேலும் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது, மரை கொஞ்சமும் சேதமாகவில்லை. முடுக்காமலே கோடு போட்டிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். தங்கையன் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, நான் கோடு போட்டது ஞாபகம் இருக்கு. முடுக்குனது ஞாபகம் வரமாட்டேங்குது. எத்தனை யோசிச்சாலும் வரமாட்டேங்குது. நானே கொன்னுட்டனா அண்ணே?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மனுசனுக்கு மறதி வரத்தான்யா செய்யும். உன்மேல யாருக்கும் கோவம் இல்ல" என்றேன். என் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதை நடிப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த ஃபார்முலா இடத்தை யமுனாவுக்குத் தருவதாகக் கடிதம் வந்தது. அவள் வேண்டாம் என்றாள். ஹெல்மெட்டைப் பரணில் போட்டுவிட்டாள். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் பொன்மலைக்குப் போய்த் தங்கையனை அழைத்து வந்தேன். அவர் பரண்மேல் கையை விட்டு ஹெல்மெட்டை எடுத்துத் தன் வேட்டியால் துடைத்தார்.

"பாப்பா, வீட்டுல ஒரு வண்டியாவது ஓடணும். நீ ஓட்டும்மா. மாமா கேக்குறேன்."

அவள் அவர்மேல் விழுந்து அழுதாள். அந்த வாரமே போய்க் கையெழுத்துப் போட்டாள். முதல் ஃபார்முலா பந்தயத்தில் ஆறாவதாக வந்தாள். அந்த வருடக் கடைசியில் இரண்டு முறை வெற்றி மேடை ஏறினாள். பிறகு கொரோனாவில் ஒரு வருடம் வீணாயிற்று. அதற்குப் பிந்திய கதை உங்களுக்குத் தெரியும். அவள் ஹெல்மெட்டின் பின்பக்கம் சின்னதாக ஒரு மஞ்சள் பூ இருக்கிறதல்லவா, அது என்ன என்று பலர் கேட்கிறார்கள். பூவரசம்பூ. அவளுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு முறை மேடையிலிருந்து இறங்கியதும் எனக்கு முன் பொன்மலைக்குத்தான் போன் செய்வாள்.

தங்கையன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். ரயில் பெட்டியின் நட்டைத் தொட பயமாக இருக்கிறது என்றார். வீட்டில் கேஸ் குழாயைத் திருகி மூடிவிட்டு ஐந்து முறை திரும்பப் போய்ப் பார்ப்பார். தண்ணீர்க் குழாயை அழுத்தி அழுத்தி மூடி வாசர் தேய்ந்துவிடும். ஜோதி புது வாசர் வாங்கி வைத்துக்கொள்வார். நான் போய் மாட்டித் தருவேன். அவருடைய மொபெட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஜோதிக்குச் சர்க்கரை அதிகமானபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான். சனிக்கிழமைதோறும் தங்கையனை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வந்து, கோயிலில் சேவித்துவிட்டு, அம்மா மண்டபத்துப் படியில் உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுப்பேன். ஆறு வருடமாக ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஜோதி சொல்வார். சின்னச் சின்ன உதவிகளால்தான் உலகம் நடக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

ஆனால் செய்ததைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லாமல் கடன் தீராது என்றும் தெரியும். யமுனா வெளிநாடு கிளம்பும் முன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போன சனிக்கிழமை சொன்னேன்.

படித்துறையில் கூட்டம் இல்லை. காவிரியில் தண்ணீர் படியைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டேன். நான் எதையும் மறைக்கவில்லை. துணி, சட்டைப்பை, நட்டு, நெயில் பாலிஷ், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். நீ முடுக்கித்தான் இருந்தாய் தங்கையா, உன் கை தவறவே இல்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் தணிந்துவிட்டது. சொல்லி முடித்துக் கும்பிட்டேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினார். முகத்தில் கோபம் இல்லை. பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"போலாமாண்ணே? குழாயச் சரியா மூடுனனான்னு தெரியல" என்றார்.

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருடத்தில் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், முழுக்கச் சொல்வதுதான் முறை. பட்டறைச் சம்மட்டிச் சத்தத்தில் அவருக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. அதனால் வழக்கமாக வலது பக்கம்தான் உட்காருவேன். அன்று அந்தப் பக்கம் மேற்கு வெயில் முகத்தில் அடித்தது. அவருடைய நிழல் இடது பக்கம் விழுந்திருந்தது, அங்கே உட்கார்ந்தேன்.