ஏழு மணிப் பேச்சு

ஒடெத்: ...ஆத்துல தண்ணி எவ்வளவு இறங்கியிருக்குன்னு அப்புறம் சொல்லு அனிசே. லொக்வா உயிரோட இருக்கானா, அதை முதல்ல சொல்லு.

அனிசே: இருக்கான் அக்கா.

ஒடெத்: நீ பார்த்தியா, இல்ல எவனாவது சொன்னானா?

அனிசே: என் கண்ணால பார்த்தேன். இப்பதான் அங்கேர்ந்து வர்றேன். எங்க ரோந்துப் படகு பிடிச்சிட்டு வந்த உங்க மூணு மீன்காரங்களும் நல்லா இருக்காங்க. லொக்வாவுக்கு மட்டும் கையில காயம். படகுல இழுத்து ஏத்தும்போது தகரம் கிழிச்சிருக்கு. எங்க நர்ஸ் தையல் போட்டுட்டாங்க.

ஒடெத்: குண்டுக் காயம் இல்லையே?

அனிசே: எங்க ரோந்துக்காரங்க ரெண்டு தடவை சுட்டாங்க. ரெண்டும் வானத்தைப் பார்த்துதான்.

ஒடெத்: இங்க அப்படிப் பேச்சு இல்ல தம்பி. அவனைச் சுட்டு ஆத்துல தள்ளிட்டாங்கன்னு நேத்து சாயங்காலமே எங்க லிசெங்கே ஊர் பூரா பரவிடுச்சு.

அனிசே: யாரு கிளப்பினது?

ஒடெத்: யாரு கிளப்பினா என்ன. உபாங்கி ஆறு வத்தி நடுவுல அந்த மணல் திட்டு தலை தூக்கினா வருஷா வருஷம் இதே கூத்துதான். எங்க நாட்டுதுன்னு நீங்க, எங்க நாட்டுதுன்னு நாங்க. மழை வந்தா யாருக்கும் இல்லாம முழுகிப் போகும்.

அனிசே: அதை மந்திரிங்க கூடினப்ப சொல்லியிருக்கணும்.

ஒடெத்: லிப்ரவில் நகரத்துல இத்தனை நாட்டு மந்திரிங்க உட்கார்ந்து, அமைதி, பாதுகாப்புன்னு எழுபது பக்கம் எழுதினாங்க. அதுல நம்ம ரெண்டு படகுத்துறைக்கும் வந்து சேர்ந்தது என்ன? தினம் காலைல ஏழு மணிக்கு உங்க கரை அதிகாரி எங்க கரை அதிகாரிக்குப் போன் பண்ணணும். அவ்வளவுதான்.

அனிசே: ஆறு வருஷமா அதாவது நடக்குதே.

ஒடெத்: நடக்குது. என் புருஷன் இருந்தப்பகூட அவர் குரலை நான் தினம் இவ்வளவு கேட்டதில்ல.

அனிசே: பேச விட்டிருக்க மாட்டீங்க...

ஒடெத்: வாயைப் பாரு.

அனிசே: அக்கா... நேத்து வியாழன் சந்தைக்கு வந்த எங்க படகு இன்னும் திரும்பலை.

ஒடெத்: அதைச் சொல்லத்தான் உன்னை இவ்வளவு நேரம் வளைச்சுப் பிடிச்சுட்டிருக்கேன். படகு இங்கதான் நிக்குது. பசங்க கயித்தை அவுக்க விடலை. லொக்வா பிணமா வந்தா கொளுத்திடுவோம்னு ஒருத்தன் பெட்ரோல் கேனோட கரையில உட்கார்ந்திருக்கான்.

அனிசே: அதுல வந்த பொம்பளைங்க?

ஒடெத்: பதினோரு பேரும் என் ஆபீஸ்லதான். உள்ள படுக்க வச்சுட்டு, நான் வாசல்ல பாய் போட்டுக் குறுக்க படுத்துட்டேன். என்னைத் தாண்டி எவன் வர்றான் பார்க்கலாம்னுதான். மரவள்ளிக் களியும் புகை மீனும் கொடுத்தேன். அதுக்கு ஒருத்தி, உப்பில்ல, கீரை இல்லன்னு ஒரு பாட்டம் திட்டு. மஞ்சள் தலைத்துணி. பேரு ஃபிலோமென்.

அனிசே: முன்பல்லுல இடைவெளி இருக்குமா?

ஒடெத்: ஒரு மீனே நுழையும்.

அனிசே: அக்கா... அவங்க எங்க கமாண்டரோட மாமியார்.

ஒடெத்: அடடா. அப்ப நல்லதாப் போச்சு. ஓடிப் போய் அவர்கிட்ட சொல்லு.

அனிசே: சொல்றேன். ஆனா அதைக் கேட்டதும் அவர் அவசரப்படுவாரான்னுதான் சந்தேகம்.

ஒடெத்: சிரிக்காத அனிசே. எனக்கு நேரம் இல்ல. நான் சொன்னா இந்தப் பசங்க நம்ப மாட்டாங்க. லொக்வா குரலை இவங்க காதால கேக்கணும்.

அனிசே: அரை மணி கொடுங்க. அவனைப் பேச வைக்கறேன்.

*

அனிசே: அக்கா, ஸ்பீக்கர்ல போடுங்க.

ஒடெத்: போட்டாச்சு. முப்பது பேர் சுத்தி நிக்கறாங்க. டேய், அந்தக் கேனைக் கீழ வச்சுட்டுக் கேளு... ம், பேசச் சொல்லு.

லொக்வா: அத்தை... நான்தான், லொக்வா.

ஒடெத்: லொக்வாதான்னு இவனுங்க எப்படி நம்புறது? உங்க அம்மா உன்னை வீட்ல என்னன்னு கூப்பிடுவா?

லொக்வா: இத்தனை பேருக்கு முன்னாடியா?

ஒடெத்: சொல்லுடா.

லொக்வா: ...குட்டித் தவளை.

ஒடெத்: இன்னொரு தடவை. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலையாம்.

லொக்வா: போதும் அத்தை. இங்கேயே சிரிக்கறாங்க. என் புது வலையைத் தர மாட்டேங்கறாங்க, அதைக் கேளுங்க. என் பொண்டாட்டி சாப்பிட்டாளா?

ஒடெத்: இங்கதான் நிக்கறா. நேத்துலேர்ந்து ஒரு வாய் வைக்கலை. இனிமே சாப்பிடுவா. போனை அனிசேகிட்ட கொடு... ஹலோ. ஸ்பீக்கரை நிறுத்திட்டேன். கேன் வச்சிருந்தவன் தலையைக் குனிஞ்சுட்டுப் போறான். உங்க கமாண்டர் என்ன சொன்னார்?

அனிசே: முடி வெட்டிக்கிட்டிருந்தார். பாதித் தலை முடிஞ்சிருந்தது. மூணு பேரையும் விடணும்னேன். முடியாதுன்னார். அந்தக் கரையில நம்ம பொம்பளைங்க பதினோரு பேர் இருக்காங்கன்னேன். நீ வெட்டுன்னு நாவிதர்கிட்ட சொன்னார். மாமியார் பேரைச் சொன்னேன். நாவிதரைக் கைகாட்டி நிறுத்தினார். அவங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டார். சோத்துல உப்பில்லன்னு திட்டறாங்களாம்னேன். அப்ப உடம்புக்கு ஒண்ணுமில்லன்னுட்டு, மூணு பேரையும் பூட்டின அறைச் சாவியை எடுத்து மேசை மேல வச்சார். மாவு மில்லைப் பார்வையிடப் போறேன்னு பாதித் தலையோடவே கிளம்பிட்டார்.

ஒடெத்: உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கலையா?

அனிசே: கேக்கலை. நானும் சொல்லலை.

ஒடெத்: எழுத்துல ஏதாவது...

அனிசே: எழுத்துல ஒண்ணும் வேண்டாம் அக்கா.

ஒடெத்: ம்... நானும் அதான் நினைச்சேன். சரி, யாரு முதல்ல விடறது? நீங்க விட்டாதான்னு இங்க நிப்பாங்க.

அனிசே: இங்கயும் அதே பாட்டுதான்.

ஒடெத்: அப்ப ஒரே நேரத்துல கிளம்பலாம். பத்து மணிக்கு. உன் படகுல மூணு பேர், என் படகுல பதினோரு பேர். மணல் திட்டுப் பக்கமே போக வேண்டாம், அதுக்குக் கீழ சந்திக்கலாம். சீருடை வேண்டாம். துப்பாக்கி வேண்டவே வேண்டாம்.

அனிசே: உங்க படகுக்கு யாரு துடுப்பு?

ஒடெத்: நான்தான்.

அனிசே: உங்க முழங்கால் வலி...

ஒடெத்: துடுப்பை முழங்கால்லயா பிடிப்பாங்க? நீ வர்றியா, இல்ல வேற எவனையாவது அனுப்பறியா?

அனிசே: நானே வர்றேன். வலையையும் கொண்டு வர்றேன்.

*

ஒடெத்: எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தாங்களா?

அனிசே: பதினோரு பேரும் சேர்ந்தாச்சு. நடு ஆத்துல ரெண்டு படகும் ஒட்டி நிக்குது, எந்தப் பக்கமும் யாரும் அசையலை... காரியம் கெட்டுச்சுன்னே நினைச்சேன் அக்கா.

ஒடெத்: நான் மட்டும் வேறயா நினைச்சேன். அந்த ஃபிலோமென் எழுந்து, ரெண்டு நாட்டு ஆம்பளைங்களையும் சேர்த்துத் திட்டிக்கிட்டே உன் படகுல காலை வைக்கலைன்னா, இன்னும் அங்கேயே நின்னிருப்போம்.

அனிசே: போன உடனே மருமகன் தலையைப் பார்த்தாங்க. அடுத்த திட்டு அவருக்கு.

ஒடெத்: லொக்வா வீட்ல இப்ப மீன் குழம்பு கொதிக்குது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது... நீ இவ்வளவு வழுக்கைன்னு நான் நினைக்கவே இல்ல.

அனிசே: நீங்க இவ்வளவு குள்ளம்னு நானும் நினைக்கலை. போன்ல கேட்டா எட்டடி ஆள் மாதிரி இருக்கும்.

ஒடெத்: என் கையைப் பிடிச்சுப் படகை இழுத்தவன், அப்புறம் கையை விடவே இல்ல.

அனிசே: நீங்கதான் விடலை.

ஒடெத்: சரி, ரெண்டு பேரும்தான்.

அனிசே: நாளைக்கு ஏழு மணிக்குக் கூப்பிடறேன் அக்கா. வச்சிடவா?

ஒடெத்: இரு... அனிசே, உன்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன்.

அனிசே: என்ன அக்கா?

ஒடெத்: நேத்து மத்தியானம் எனக்கு மேலிடத்துலேர்ந்து கடிதம் வந்தது. மணல் திட்டு விவகாரம் முடியற வரைக்கும் உங்க கரையோட ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். பேசினா வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. இன்னைக்கு உன் போன் அடிச்சப்ப எடுக்கக் கூடாதுன்னுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொம்பளைங்க என் முகத்தையே பார்த்தாங்க... எடுத்துட்டேன். உன்கிட்ட சொன்னா, எனக்கு ஆபத்து வரக் கூடாதுன்னு நீ போனை வச்சிடுவ. அதான் சொல்லலை. கோபமா?

அனிசே: கோபம் இல்ல அக்கா. எனக்கும் அதே மாதிரி ஒரு கடிதம் வந்தது.

ஒடெத்: உனக்குமா? அதுவும் நேத்தா?

அனிசே: செவ்வாய்க்கிழமையே. புதன், வியாழன், இன்னைக்கு... தினம் ஏழு மணிக்குக் கூப்பிட்டேனே.