வரப்பைப் பார்க்காத தொலைநோக்கி

கீழ்வேளூர் தாலுகா ஆபீசுக்குப் போகிற டவுன் பஸ். எனக்கு எதிர்ப் பக்கம், மடியில் மனுவோடு ஓர் அம்மாள். அவர் பக்கத்தில் வானவியல் படிக்கிற அவருடைய அண்ணன் மகள்.

“தொலைநோக்கி நேத்து வானத்தைப் படம் எடுத்துச்சு, இன்னைக்கும் எடுக்கும். ரெண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பாக்கும் அத்தை. புதுசா ஒரு புள்ளி தெரிஞ்சா, அங்க நட்சத்திரம் வெடிச்சிருக்கலாம்.”

“இருக்கலாமா?”

“வேற தொலைநோக்கி பாத்து உறுதி பண்ணணும்.”

“நம்ம சர்வேயரும் அதேதாண்டி சொல்றாரு. வரப்பு நகந்திருக்கலாமாம். உறுதி பண்ண வர்றேன்னாரு, ரெண்டு ஆட்சி மாறிடுச்சு.”

அம்மாள் முன்சீட்டு வெள்ளைச் சட்டைக்காரரை முகவாயால் காட்டிக் குரலை உயர்த்தினார்.

“இதோ, பக்கத்து வயக்காரரு. உழவுக்கு உழவு ஒரு சாண் வரப்பைச் செதுக்குறாரு. எங்கேயோ வெடிச்சது தெரியுது, என் அரை மா நிலம் கரையறது தெரியலையா?”

“அது மேலதான் பாக்கும் அத்தை.”

“பெரிய எடமெல்லாம் அப்படித்தான்.”

பஸ்ஸே சிரித்தது. சண்டை வந்துவிடுமோ என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் மெதுவாகத் திரும்பி, அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்டார்:

“ஏம்மா, பழைய படத்தையெல்லாம் அழிச்சிருவாங்களா, இல்ல வச்சிருப்பாங்களா?”